பட்டினமும் சூழலும்

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட இரவு பஸ் விடியப்புறம் ஐந்து மணிக்குத் திருகோணமலையில் இறக்கிவிட்டது. தேநீர்க்கடை திறக்கும்வரை பஸ் நிலையத்தடியில் நின்றேன். குப்பை குவிந்திருந்த மூலையில் ஒரு புள்ளிமான் நின்றது. இந்த நகரத்துக்கு மான்கள் புதியவை அல்ல. பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் ஆடுமாடு போலத் திரியும். நான் நின்ற இடத்திலிருந்து நாலு முழத்தில், சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் ஷீற் ஒன்றை அது மென்றுகொண்டிருந்தது. கறி ஒட்டிய பக்கத்தை நக்கிவிட்டு விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. தாளை முழுவதுமாக உள்ளே இழுத்துக்கொண்டது. கையைத் தட்டி விரட்டினேன். இரண்டடி தள்ளிப்போய் அடுத்த தாளில் வாய் வைத்தது.

நான் வந்தது ஒரு காணி பார்க்க. கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் நிலாவெளியில் கடற்கரைக் காணி வாங்க ஆசைப்படுகிறான். நாற்பது பேர்ச். ஆறு அறைகளோடு விருந்தினர் விடுதி கட்டலாம் என்று சொல்லித் தரகர் அவனுக்கு வட்சப்பில் படங்கள் அனுப்பியிருந்தார். “அண்ணா, ஒருக்காப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கோ. உங்களுக்குச் சரியெண்டால் அட்வான்ஸ் அனுப்புறன்” என்றான். ஊரில் ஒரு பிடி மண் வேண்டும் என்று இருபத்தைந்து வருடமாக அங்கே பனியில் உழைத்தவனின் ஆசை அது. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடி மாதக் கடைசியில் மூன்று நாளை அதற்கென்று ஒதுக்கினேன்.

நகரத்தில் பிரதேச செயலகத்தின் பெயரைப் படித்தபோது சற்று நின்றுவிட்டேன். பட்டினமும் சூழலும். ஆங்கிலேயர் காலத்தில் நகரத்தையும் அதைச் சுற்றிய புறப்பகுதியையும் சேர்த்து வைத்த பெயருக்கு வந்த தமிழ் அது. அன்று ‘சூழல்’ என்றால் சுற்றுப்புறம், அவ்வளவுதான். இன்று அந்தச் சொல்லுக்குள் காற்றும் நீரும் மண்ணும் வந்து சேர்ந்துவிட்டன. ஒரு நிர்வாகப் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை இனி எவரும் யோசித்து வைக்க முடியாது. காணி அனுமதிக்கு வருகிறவர்களின் விண்ணப்பங்களின் தலைப்பிலேயே அந்த இரண்டு சொற்களும் இருக்கின்றன.

பகலில் உவர்மலைப் பக்கம் ஏறி உள்துறைமுகத்தைப் பார்த்தேன். எத்தனை முறை பார்த்தாலும் நம்பமுடியாத காட்சி அது. ஆழமான நீலத் தண்ணீரைச் சுற்றி மலைச்சரிவுகள், அந்தச் சரிவுகளில் இறங்கி நீரைத் தொடும் காடு. 1957 வரை பிரித்தானியக் கடற்படை வைத்திருந்த துறை. அதன்பிறகு எங்கள் கடற்படையும் துறைமுக அதிகாரசபையும். சீனக்குடாப் பக்கக் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. நூற்றுக்கு ஒன்று குறைய, 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது ஒரு தாங்கி எரிந்துபோனது. 2022 ஜனவரியில் அந்தத் தாங்கிகளை இந்திய எண்ணெய் நிறுவனத்துக்கும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் இரண்டும் சேர்ந்த கம்பனிக்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பச்சையைப் பார்த்து மனம் குளிர்ந்தது உண்மை. ஆனால் அதை யாரும் பேணிக் காக்கவில்லை. வேலி போட்டிருந்ததால் தப்பிய காடு அது. இனி வேலி நகரும். சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனத்தைக் கொண்டு திருகோணமலைக்கு ஒரு பெருந்திட்டம் வரைந்தார்கள். துறைமுகம், கைத்தொழில், சுற்றுலா எல்லாம் அதில் இருக்கின்றன. வேலி நகர்ந்தபிறகு சரிவில் எந்த மரம் நிற்கும், மழைத்தண்ணீர் எந்த வழியால் துறைக்குள் இறங்கும் என்பதைக் கட்டுகிறவர்கள்தான் தீர்மானிப்பார்கள். மலைச்சரிவில் காடு போனால் மண் துறைக்குள் வரும். இதற்கு நிபுணர் வேண்டாம், ஒரு மாரிமழை போதும்.

மத்தியானம் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர்ப் பக்கம் போய்வந்தேன். 2009இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். அதற்கு முன் பாதைப்படகுக்குக் காத்திருந்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சம்பூரின் கரையில் நின்று கொட்டியாரக் குடாவைப் பார்த்தால் எதிர்ப்புறம் திருகோணமலை தெரியும். 2006இல் இந்த ஊர்ச் சனம் ஷெல்லடியில் எழும்பி ஓடியது. ஊர் வெறிச்சோடிக் கிடந்த காலத்தில் அதன் காணிகள் திட்ட வரைபடங்களில் ஏறின. 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கீழ் கைத்தொழில் வலயமானது. இன்னொரு பக்கத்தில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவோற் நிலக்கரி மின்நிலையம் கட்டுவதாக இருந்தது. சனம் நலன்புரி முகாம்களில் வருடக்கணக்காகக் காத்திருந்தது. 2015இல் அந்த 818 ஏக்கருக்கான வர்த்தமானி அறிவித்தல் இரத்தானது. 2016 செப்டெம்பரில், நிலக்கரி நிலையம் சம்பூரில் கட்டப்படாது என்று சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்தில் சொன்னார். சுற்றாடல் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் வந்த பதில் அது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவோற் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கவிழா நடந்திருக்கிறது.

நிலக்கரியைவிடச் சூரியஒளி எவ்வளவோ மேல். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. என்றாலும் சம்பூரில் நிற்கும்போது ஒரு சொல் நெஞ்சில் குத்தியது: ‘வெறுங்காணி’. ஆட்களை எழுப்பியபிறகு எந்தக் காணியும் வெறுங்காணிதான். காணி விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அடிக்கடி பாவிக்கும் சொல் இது. அடுத்த நாள் நிலாவெளியிலும் அதைத்தான் கேட்டேன்.

நிலாவெளிக்குப் போகும் வீதியில் ஊர்ப் பெயர்களே நிலத்தைப் பற்றிச் சொல்லிவிடும். முதலில் உப்புவெளி. பிறகு சாம்பல்தீவு, பாலத்தின் இருபுறமும் களப்பும் கண்டற்செடியும். பிறகு நிலாவெளி, உப்பளங்கள். அதற்கும் வடக்கே இறக்கக்கண்டி, குச்சவெளி. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு நாடா போலக் கிடக்கும் மணல் இது. கிழக்கே உப்புத் தண்ணீர், மேற்கேயும் உப்புத் தண்ணீர், நடுவில் வீதி. வீதியின் கடற்பக்கம் முழுவதும் மதில்களும் பெயர்ப்பலகைகளும். பாதி பலகைகளில் ‘காணி விற்பனைக்கு’.

தரகர் நல்ல மனுஷன். முகம் கோணாமல் எல்லாம் காட்டினார். காணி மேசை போலச் சமமாக இருந்தது, கடல் பளிச்சென்று தெரிந்தது. “முந்தி இதில ஆளுயரத்துக்கு மணல்மேடு. கடல் தெரியாது. பெக்கோ விட்டு ஒரே நாளில இறக்கிப் போட்டம் அண்ணை. வெறுங்காணிதானே” என்றார்.

பக்கத்துக் காணியில் மேடு அப்படியே நின்றது. அதன் விளிம்பில் குந்தி அடம்பன் கொடி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆட்டுக்குளம்பு போல இலை, ஊதாப் பூ. கொடியைத் தூக்கினால் கணுவுக்குக் கணு வேர். ஒரு முழம் கொடியில் ஏழு இடத்தில் மணலுக்குள் இறங்கியிருந்தது. சற்று மேலே இராவணன் மீசைப் புல், ஊசி போலக் கையைக் குத்தியது. காற்றோடு உருண்டு வரும் மணல் இந்த இலைகளில் மோதி நிற்கிறது. கொடி மணலுக்கு மேலே ஏறிப் படர, மேலும் மணல் தங்குகிறது. அப்படி மணிமணியாகச் சேர்த்துத்தான் ஆளுயர மேடு எழும்பியது. எழும்ப எத்தனை தலைமுறை ஆனதோ, இறக்க ஒரு நாள் டீசல் போதுமாக இருந்திருக்கிறது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் ஆட்கள் சொல்வது ஒற்றுமைக்கான பேச்சாகவே காதில் பழகிவிட்டது. அன்று அந்த மேட்டில் குந்தியிருந்தபோதுதான் அது கண்ணால் கண்டதைச் சொன்ன வார்த்தை என்று விளங்கியது.

2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கு வந்து கரைகளை அளந்த சர்வதேச ஆய்வாளர் குழு ஒன்று யால பகுதியில் ஒரு விடுதியைப் பற்றி எழுதியது. கடல் தெரியவேண்டும் என்று அந்த விடுதிக்கு முன்னால் இருந்த மணல்மேட்டில் ஒரு பகுதியை அகற்றியிருந்தார்கள். அலை அந்த இடத்தால் புகுந்து விடுதியை முற்றாக அழித்தது. மேடு கலையாமல் நின்ற இடங்களில் கரை தப்பியது. தென்மேற்குக் கரையில் பெரலியவிலும் அப்படித்தான். முருகைக்கல் வெட்டி எடுத்துப் பாறை மெலிந்த கடலோரத்தால்தான் அலை உயர்ந்து வந்து ஒரு ரயிலையே புரட்டியது. சில கிலோமீற்றர் தள்ளி, முருகைப்பாறை பாதுகாக்கப்பட்ட ஹிக்கடுவையில் தண்ணீர் அவ்வளவு ஏறவில்லை. இந்த நாட்டில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம் இது. இருபது வருடத்துக்குள் அதை ஒரு பெக்கோவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறோம். மேட்டை இறக்கியவருக்குக் கடல் தெரிகிறது. பின்னால் வீதிக்கு அப்பால் குடியிருக்கும் சனத்துக்குச் சுவர் போய்விட்டது. அந்தச் சுவர் இவருடைய உறுதியில் எழுதப்பட்ட சொத்தும் அல்ல.

கரையில் ஒரு வள்ளத்தடியில் வயதான ஐயா ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். கரைவலைக்காரர். காணி பார்க்க வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, சொன்னேன்.

“வாங்குங்கோ தம்பி, ஆர் வேண்டாமெண்டது” என்றார். “சுனாமி முடிஞ்ச கையோட எங்களை இருநூறு மீற்றருக்கு அங்கால போகச் சொன்னவை. உயிருக்கு ஆபத்தாம். சரியெண்டு போனனாங்கள். இப்ப அந்த இருநூறுக்குள்ள பாருங்கோ, மாடி எழும்பியிருக்கு. அவைக்கு உயிரில்லையோ?”

அவர் சொன்னது சரியான கணக்கு. 2005இல் அரசாங்கம் தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்கும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்கும் கட்டத் தடை என்றது. அந்த வருடக் கடைசியில் அதைத் தளர்த்தி, கரையோர முகாமைத்துவத் திட்டத்தில் முன்பே இருந்த, இடத்துக்கு இடம் மாறும் குறுகிய எல்லைகளுக்குத் திரும்பியது. அந்த இடைவெளிக்குள் உள்ளே தள்ளிக் குடியேறியவர்கள் மீன்பிடிச் சனம். வாடியையும் வள்ளத்தையும் விட்டுத் தூரப் போனவர்கள். எல்லை குறுகியபிறகு கடலுக்குக் கிட்ட வந்தவை விடுதிகள்.

“கரைவலைக்குப் பாடு இருக்கு தம்பி, எங்கட பேரில அனுமதியும் இருக்கு. பாதைதான் இல்லை” என்று அவர் மதில்களைக் காட்டினார். நான் எண்ணிப் பார்த்தேன். நான் நடந்த தூரத்தில் வீதியிலிருந்து கடலுக்கு இறங்க இரண்டே ஒழுங்கைகள். ஒன்றில் கட்டடக் கல் கொட்டிக் கிடந்தது. அலை ஏறி இறங்கும் கடற்கரை அரச காணி, எவருடைய வேலிக்குள்ளும் வராது. ஆனால் கடற்கரைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால் அந்த உரிமை காகிதத்தில்தான்.

அன்று இரவு தங்கியது வீதியின் மேற்குப் பக்கம், ஒரு அக்கா நடத்தும் மூன்று அறை வீட்டில். அவர் தந்த தேநீரில் ஏதோ ஒரு கரிப்பு. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். “சவர் தம்பி. குறை நினைக்காதேங்கோ. கான் தண்ணி முடிஞ்சுது, நாளைக்குத்தான் பவுசர் வரும்.” கிணற்றைக் கூட்டிப்போய்க் காட்டினார். கட்டுக்கிணறு, பத்தடி ஆழம்கூட இல்லை. அவருடைய தாயார் இதில் அள்ளித்தான் குடித்தாராம், ஊருக்கே கொடுத்தாராம்.

இந்த மணல் நாடாவில் நன்னீர் எப்படி இருக்கிறது என்பதைக் காணி வாங்குகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். வாளியால் அள்ளிய காலத்தில் மாரி வந்து குறையை நிரப்பிவிடும். குழாய்க்கிணறு அடித்து, மோட்டார் போட்டு, நீச்சல்தடாகத்துக்கும் புற்றரைக்கும் இறைத்தால் மாரிக்கும் கட்டாது. இறைக்கிறவர் கடற்பக்கம், சவர் குடிக்கிறவர் வீதிக்கு இந்தப் பக்கம். அதே மணலுக்குள்தான் விடுதிகளின் மலசலகூடக் குழிகளும் இறங்குகின்றன. மணல் வடிகட்டும், ஆனால் அளவுக்குத்தான். மிஞ்சியது கிணற்றுக்கும் போகும், கடலுக்கும் போகும்.

கடலுக்குப் போவது எங்கே சேருகிறது என்பதை மூன்றாம் நாள் பார்த்தேன். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. படகில் கால்மணி நேரம்கூட இல்லை. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவான இடம். மலைப்புறாக்கள் பாறை இடுக்கில் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் பெரும்பாலான முருகைப்பாறைகள் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் பெருமளவில் தப்பின. எனவே இது மிச்சமிருக்கும் முதல். இடுப்பளவு தண்ணீரில் முகத்தைப் புதைத்தால் மான்கொம்பு போலக் கிளைவிட்ட முருகை, அதன் இடுக்கில் விரல் நீள மஞ்சள் மீன். இரண்டு பாகம் தள்ளி, கிளை முறிந்து பாசி படர்ந்த பகுதி. மிதித்து முறிந்ததா, நங்கூரம் போட்டு முறிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் முறிந்த கிளை திரும்பத் தளிர்க்கத் தெளிந்த தண்ணீர் வேண்டும். கழிவுநீரோடு வரும் சத்தில் பாசிதான் முந்திக்கொள்ளும்.

தீவின் உச்சியிலிருந்து திரும்பிப் பார்த்தால் நிலாவெளி முழுவதும் ஒரே கோட்டில் தெரியும். தரகர் காட்டிய காணியையும் கண்டுபிடித்தேன். மேடு இல்லாத இடைவெளி, முன்பல் விழுந்த வாய் போல. வனசீவராசிகள் சட்டத்தின்படி தேசிய பூங்கா ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒரு மைல் என்றால் 1.6 கிலோமீற்றர். தீவோ கரைக்கு ஒரு கிலோமீற்றர். ஆகவே இந்தப் பூங்காவின் கை நிலாவெளி மணலில் படுகிறது. கரையோரம் பேணல் சட்டத்தின்படி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. 99 அறைக்கு மேற்பட்ட விடுதி என்றால் அது சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குரிய திட்டங்களின் பட்டியலில் வரும். மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் என் தம்பியின் விடுதிக்கு ஆறு அறை. ஆறு அறை விடுதிகள் இருபது வரிசையாக நின்றால் 120 அறை. அந்த இருபதும் சேர்ந்து எவ்வளவு தண்ணீர் இறைக்கும், எவ்வளவு கழிவு இறக்கும், எத்தனை முழம் மேட்டை வெட்டும் என்று ஒருவரும் ஒரே தாளில் கூட்டிப் பார்ப்பதில்லை. நிலாவெளியை அழிக்கப்போவது ஒரு பெரிய ஹோட்டல் என்று நான் நம்பவில்லை. எங்களைப் போன்றவர்கள் நல்லெண்ணத்தோடு கட்டும் சின்னச் சின்ன விடுதிகள்தான்.

காணிக்குச் சொந்தக்காரர் விரும்பியதைச் செய்யலாம் என்ற எண்ணத்தை இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் எப்போதோ உடைத்துவிட்டது. 2000இல் எப்பாவல பொஸ்பேற் வழக்கில், இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று தீர்த்தது. வழக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் கமக்காரர்கள். 2008 ஒக்டோபர் 8ஆம் திகதி வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில், பொதுத்தேவைக்கென்று எடுத்த பத்தரமுல்லைக் காணியைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கைமாற்றியதற்காக முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா கட்டவேண்டும் என்று உத்தரவிட்டது. அங்கேயும் வழக்குக்குப் போனவர்கள் சாதாரணப் பிரஜைகள் இருவர். அரசையே கட்டும் இந்தப் பொறுப்பு நாற்பது பேர்ச் காணிக்காரரைக் கட்டாதா?

திரும்பும் பஸ்ஸில் இருந்து கனடாவுக்கு அழைத்தேன். காணியை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீதியின் மேற்குப் பக்கம் பார், கடற்பக்கம்தான் வேண்டுமென்றால் மேடு நிற்கிற காணியாகப் பார், குழாய்க்கிணறு அடிக்காமல் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்க்க இடம் விட்டுக் கட்டு, கரைவலைக்காரருக்கு ஒழுங்கை விடு என்றேன். “அப்ப கடல் தெரியாதே அண்ணா” என்றான். நடந்து போனால் தெரியும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அட்வான்ஸ் பொறுப்பம்” என்றான்.

கிழக்குக் கரையில் காணி பார்க்கிற எல்லோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். தரகர்கள் ஆடியிலும் ஆவணியிலும் காட்டுவார்கள். அப்போது கடல் குளம் போலக் கிடக்கும், மணல் காய்ந்து வெள்ளையாக இருக்கும், எந்தக் காணியும் அழகுதான். பணம் கொடுக்குமுன் ஒருமுறை மார்கழியில் வாருங்கள். வாடைக்காற்று அடிக்கும்போது அலை எந்த மட்டுக்கு ஏறுகிறது, மழைத்தண்ணீர் எதில் தேங்குகிறது, எந்த வழியால் களப்புக்கு இறங்குகிறது என்று நின்று பாருங்கள். அயல்வீட்டுக் கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். பிறகு உறுதி எழுதலாம்.